அளவு முப்பத்தெட்டு

அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைமேல்
இருபத்தாறு டீ கப்பில் முளைத்தது பீன்ஸ்.
விதைத் தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு
கூனி நின்றவை நாலாம் நாள் நிமிர்ந்தன.
வெயில் காணாமல் வெளுத்த தண்டு,
ஷிப்டு முடிந்து வேனில் ஏறும்
எங்கள் கழுத்து மாதிரி.

ஆர்டர் இல்லை என்று கம்பெனி
ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.
அந்த வாரத்தைச் செடிக்குக் கொடுத்தேன்.

நிலாவூர் மார்கழியில் விளையாட முடியாது.
எடுத்த எடுப்பில் நட்டால்
விடிந்ததும் வேகவைத்த கீரை.
அதனால் பழக்கினேன்.
முதல் நாள் பத்து மணி வெயிலில் அரை மணி.
மறுநாள் ஒரு மணி, கோழியை விரட்டியபடி.
காற்று கொஞ்சம் ஆட்டட்டும் என்று
மூன்றாம் நாள் மதியம்வரை விட்டேன்.
ஒன்று சாய்ந்தது.
ஈர்க்குச்சி கொடுத்தேன், பிடித்துக்கொண்டது.

ஏழாம் நாள் மண்ணில் இறக்கினேன்.

இரவுக்கு என்னிடம் பெட்டி இருந்தது.
மூலை நசுங்கியதால் ஜெர்மனிக்குப் போகாத
பூட்ஸ் பெட்டிகள்.
எடைக்குப் போடுமுன் சூப்பர்வைசரிடம் கேட்டு
மலைக்குத் தூக்கி வந்தவை.
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று
என்று ஓரத்தில் அச்சடித்திருக்கும்.
உள்ளே கம்பளி வைத்து
யாருடைய பனிக்கோ தைக்கிறோம் ஆம்பூரில்,
ஃபேன் காற்று போதாமல் வியர்த்துக்கொண்டு.
முப்பத்தெட்டு என் கால் அளவு.
போட்டுப் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்தால் செடிக்கொரு பெட்டி,
பெட்டிக்கொரு கல்.
விடிந்தால் எடுத்து வீட்டுக்குள் உலர்த்துவேன்,
இல்லாவிட்டால் பனியில் ஊறி அட்டை
அப்பளமாகிவிடும்.

ஆர்டர் வந்தது, ராத்திரி பதினொன்றுவரை ஓவர்டைம்.
மலைக்குப் போகிற கடைசி பஸ்
பொன்னேரியைத் தாண்டியிருக்கும்.
பெட்டிகள் பூட்டிய வீட்டுக்குள்.
சாவி என் இடுப்பில்.

சடையம்மாவுக்கு போன் போட்டேன்.
பைப் தகராறுக்குப் பிறகு
எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
அடித்து அடித்து நின்றது.
மறுபடி போட மானம் இடம் கொடுக்கவில்லை.

வாணியம்பாடியில் தில்ஷாத் வீட்டில் படுத்தேன்.
அவள் கொடுத்த ரஜாய் சூடாக இருந்தது,
அதனாலேயே தூக்கம் வரவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறினேன்.
வளைவுக்கு வளைவு
ஜன்னல் கம்பி இன்னும் கொஞ்சம் சில்லிட்டது.

தோட்டத்தில் ஒரு கல்யாணப் பந்தி
கவிழ்ந்து கிடந்தது.
டம்ளர், சொம்பு, தூக்குவாளி,
தேங்காய்த் தொட்டி நாலு,
காது உடைந்த பிளாஸ்டிக் மக்கு,
மிக்சி ஜார்கூட ஒன்று.
எவர்சில்வரில் புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து
தலைகீழாய்த் தெரிந்தது:
வெ. சடையம்மா 12-6-98.
இன்னொன்றில்
காதணி விழா அன்பளிப்பு.

ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
தொட்டிக்குள் இருந்தவை சுகமாய் இருந்தன.
எவர்சில்வர் குளிரைக் கடத்தும்,
எட்டாம் வகுப்பில் படித்ததுதான்.
இலை உரசிய இடமெல்லாம் கருகல்.
மூன்று போய்விட்டது.
இருபத்துமூன்று நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள்
வாயில் வேப்பங்குச்சி.
“பொட்டிய உள்ள வெச்சி பூட்டிக்கினு போனா
நான் எதக் கவுக்கறது?” என்றாள்.
“டீ குடிக்க வூட்ல ஒரு டம்ளர் இல்ல.”

என் வீட்டில் டீ போட்டேன்.
பேப்பர் கப்பில்தான் குடித்தோம்,
முளைக்கப் போட்டதில் மிஞ்சியவை.
பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாத்திரமெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து
அன்றைக்கே திருப்பினேன்.
சொம்பில் மட்டும் கொஞ்சம் வெல்லம்.
ஒரு டம்ளரைத் தரவில்லை.
எண்ணிப் பார்த்திருப்பாள், கேட்கவில்லை.
வெறும் டம்ளரை எப்படித் தருவது,
காய் பிடிக்கட்டும்.